கறுப்புக் கல்லெல்லாம் விண்கல் அல்ல: பாலைவனத்துக்குத் தேடப் போகுமுன்

பெரியப்பா வீட்டுச் சாமி அறையில், முருகன் படத்துக்குக் கீழே ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான், ஆனால் தூக்கினால் கை தாழும். பெரியப்பா லாரி ஓட்டிய காலத்தில் தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில் சாலையோரம் கண்டெடுத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் ஒரு பொட்டு வைப்பார். டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் கல்லைத் தெரியும். “வானத்துலேர்ந்து விழுந்தது” என்று பெரியப்பா சொல்வார், நாங்களும் அப்படியே நம்பி வளர்ந்தோம்.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், கிழக்கு கேப் வானத்தில் ஒரு தீப்பந்து பாய்ந்து, பெரும் சத்தத்தோடு வெடித்துச் சிதறியது. அதன் துண்டு ஒன்றை ஒன்பது வயதுச் சிறுமி தன் தாத்தா பாட்டி வீட்டில் கண்டெடுத்தாள். செய்தி வந்த வாரம், என் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் மனம் நிற்கவில்லை. “டீச்சர், நாமளும் போய்த் தேடலாமா?” என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலை விடுமுறையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து உண்மையிலேயே போனோம். போவதற்கு முன் நான் படித்ததையும், போனபின் கண்ணால் பார்த்ததையும் இங்கே சொல்கிறேன். வானியல் எதுவும் தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மூன்று பெயர், ஒரே கல்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ஏராளமான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றி வருகின்றன. கோளாகத் திரள முடியாமல் போன பழைய பாறைகள் அவை. ஒன்றோடொன்று மோதி உடையும்போது சில்லுகள் சிதறும். அந்தச் சில்லுகளில் சில, கோடிக்கணக்கான ஆண்டுகள் அலைந்து, ஒரு நாள் பூமியின் பாதையில் குறுக்கிடும். விண்வெளியில் இருக்கும்வரை அது சிறுகோள் துண்டு. காற்றுக்குள் பாய்ந்து ஒளிரும்போது எரிநட்சத்திரம். தரையில் வந்து கிடந்தால் விண்கல். ஒரே பொருளின் மூன்று கட்டங்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஆயா, எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்வார். அது விழுவது கெட்ட சகுனம் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. உண்மையில் நாம் இரவில் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை மணல் பருக்கை அளவுத் தூசிகள். வானத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். முஷ்டி அளவும் அதற்கு மேலும் உள்ள பாறையாக இருந்தால்தான் கொஞ்சமாவது தரைக்கு மிஞ்சும்.

எவ்வளவு வேகத்தில் வரும்? குறைந்தபட்சமே நொடிக்கு 11 கிலோமீட்டர். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக அந்த வேகத்தில் எட்டு நொடிகூட ஆகாது. அப்படிப் பாயும்போது முன்னால் உள்ள காற்று நசுங்கிச் சூடேறி, கல்லின் மேற்பரப்பு உருகி வழிந்துபோகிறது. ஆனால் இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். காற்றின் தடையால் வேகம் குறைந்து, ஒளி அணைந்து, கடைசிச் சில நிமிடங்கள் அது மாடியிலிருந்து போட்ட கல்லைப் போலச் சாதாரணமாகத்தான் விழுகிறது. வெளியே உருகிய பூச்சு அதற்குள் ஆறி இறுகிவிடும். உள்ளே விண்வெளியின் குளிர் அப்படியே இருக்கும். ஆகவே விண்கல் தணலாகக் கொதித்துக்கொண்டு விழும், விழுந்த இடத்துப் புல் தீப்பிடிக்கும் என்பதெல்லாம் சினிமாவில் மட்டும்தான்.

அந்த உருகி இறுகிய மேல்தோல்தான் விண்கல்லின் முதல் அடையாளம். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடுப்புத் தீயில் சுட்ட கத்தரிக்காயை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே கரிந்த தோல், பிய்த்தால் உள்ளே வேறு நிறம். கிழக்கு கேப்பில் விழுந்த கல்லும் அப்படித்தான். 90 கிராமுக்கும் குறைவு, 5 சென்டிமீட்டருக்குள் அடங்கும். மேலே பளபளக்கும் கறுப்பு, உடைந்த பக்கத்தில் சிமெண்டு போல வெளிர் சாம்பல். அது இப்போது நெக்வேபா விண்கல் என்று அழைக்கப்படுகிறது. விட்ஸ், ரோட்ஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் அதை ஆராய்ந்தார்கள்.

விழுவதைப் பார்த்துச் சேகரித்த விண்கற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு கல்வகை. சுமார் ஐந்து இரும்பு. கல்லும் இரும்பும் கலந்தது ஒன்று. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. விண்கல் என்றதும் இரும்புக் குண்டுதான் பலர் மனத்தில் வருகிறது. அண்டை நாடான நமீபியாவில் க்ரூட்ஃபொன்டைன் அருகே கிடக்கும் ஹோபா விண்கல் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். சுமார் 60 டன் எடையுள்ள இரும்பு, உலகிலேயே ஒற்றைத் துண்டாக இருக்கும் மிகப் பெரிய விண்கல். 1920இல் ஒரு விவசாயி நிலத்தை உழுதபோது கலப்பையில் தட்டுப்பட்டது. இன்றும் விழுந்த இடத்தில்தான் இருக்கிறது. நமீபியாவின் தெற்கில் கிபியோன் பகுதியில் விழுந்த விண்கல் இரும்பிலிருந்து நாமா மக்கள் ஈட்டிமுனையும் கருவிகளும் செய்திருக்கிறார்கள். உலை இல்லாமல், தாது உருக்காமல் கிடைத்த இரும்பு! எனக்கு இது எப்போதும் வியப்பு தருவது.

ஏன் பாலைவனம்?

விண்கல் பாலைவனத்தைப் பார்த்து விழுவதில்லை. டர்பனிலும் விழும், கடலிலும் விழும், கரும்புத் தோட்டத்திலும் விழும். வித்தியாசம் விழுந்த பிறகுதான்.

கல்வகை விண்கற்களில் பெரும்பாலானவற்றுக்குள்ளும் உலோக இரும்புத் துகள் தூவியிருக்கும். கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்கு இரும்பின் கதி தெரியும். எங்கள் வீட்டு கேட்டுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் பெயிண்ட் அடிக்கிறோம், பொங்கலுக்குள் கீல் பக்கம் துரு எட்டிப் பார்க்கிறது. மழையும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் ஒரு விண்கல் துருவேறி, வெடித்து, மண்ணாகிப் போவதற்கு அதிக காலம் பிடிக்காது. அதற்குள் புல்லும் புதரும் மூடியும் விடும். வறண்ட நிலத்தில் அதே கல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். காற்று லேசான மணலை அள்ளிக்கொண்டு போக, கனமான கற்கள் மேற்பரப்பிலேயே தங்கும். இப்படி வெவ்வேறு காலத்தில் விழுந்தவை ஒரே தரையில் சேர்ந்து கிடக்கலாம்.

அப்புறம் நிறம். வெளிர் தரையில் கறுப்புக் கல் பளிச்சென்று தெரியும். அண்டார்டிகாவில் ஆயிரக்கணக்கில் கிடைப்பதற்கும் இது ஒரு காரணம்: நீலப் பனிக்கட்டியின் மேல் கிடக்கும் கறுப்புக் கல் வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்?

இந்த இடத்தில்தான் நம் நாடு கொஞ்சம் சோதிக்கிறது. கரூ என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதியில் எங்கு திரும்பினாலும் டோலரைட் என்ற கருங்கல். வெயிலும் காலமும் சேர்ந்து அதன்மேல் கரும்பளபளப்பான பூச்சை ஏற்றியிருக்கும். ஆப்ரிகான்ஸில் அதை ‘அய்ஸ்டர்க்லிப்’, அதாவது இரும்புக்கல் என்பார்கள். ஒன்றோடு ஒன்று தட்டினால் கோயில் மணிபோல ஒலிக்கும். வடக்கே போனால் சிஷென் சுற்றுவட்டாரம் இரும்புத்தாது, ஹோட்டசெல் பக்கம் மாங்கனீஸ் தாது. கனமும் கறுப்பும் உள்ள கல் அங்கே தெருப்புழுதி மாதிரி. தென்னாப்பிரிக்காவிலிருந்து இதுவரை பதிவான விண்கற்கள் சுமார் 50தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆகவே தேடுபவர்கள் கல் நிறைந்த குன்றுகளை விட்டுவிட்டு, ‘பான்’ எனப்படும் களர்த் தரைகளுக்குப் போகிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கி, மற்ற நாளெல்லாம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும் தட்டையான நிலம். அதன் நடுவில் சொந்தக் கல் குறைவு. கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் “நீ எப்படி இங்கே வந்தாய்?” என்று கேட்கலாம்.

சிங்கம் உலவும் இடத்தில் 18 கிராம்

விண்கல் தேடும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது நமக்குப் பக்கத்திலேயே, போட்ஸ்வானாவில் நடந்தது. 2018 ஜூன் 2ஆம் தேதி அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள தொலைநோக்கி ஒன்று சிறிய சிறுகோளைக் கண்டது. குறுக்களவு ஒன்றரை, இரண்டு மீட்டர்தான். ஒரு பக்கிக்குள், அதாவது பின்பக்கம் திறந்த சிறு லாரிக்குள், அடங்கிவிடும். 2018 எல்ஏ என்று பெயரிட்டார்கள். சுமார் எட்டு மணி நேரத்தில், போட்ஸ்வானாவில் பொழுது சாய்ந்த வேளையில், அது நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைந்து உடைந்தது.

எங்கே விழுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாதுகாப்புக் கேமராக்களில் அந்த ஒளி பதிவாகியிருந்தது. வெவ்வேறு ஊர்க் கேமராக்களில் ஒளி தெரிந்த கோணத்தை வைத்து, அது உடைந்த இடத்தையும் உயரத்தையும் கணக்கிட்டார்கள். அந்த உயரத்திலிருந்து தரைவரை காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பார்த்து, சிறிய துண்டுகள் எவ்வளவு தள்ளிப்போய் விழும் என்று வரைபடத்தில் குறித்தார்கள். குறித்த இடம் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்துக்குள். சிங்கமும் யானையும் நடமாடும் இடம். போட்ஸ்வானா ஆய்வாளர்களும் வெளிநாட்டவர்களும் அங்கே முகாம் போட்டார்கள். வனக் காவலர்கள் துப்பாக்கியோடு காவல் நிற்க, வரிசையாக நடந்து தரையைத் துழாவினார்கள். ஜூன் 23ஆம் தேதி, திரும்ப வேண்டிய நேரம் நெருங்கியபோது, புல்லுக்கு இடையில் 18 கிராம் எடையுள்ள ஒரு கல் கிடைத்தது. அருகில் இருந்த நீர்த்துறையின் பெயரால் அதற்கு மோட்டோபி பான் என்று பெயர். பின்னால் நடந்த தேடல்களையும் சேர்த்து மொத்தம் 23 துண்டுகள்.

இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் இப்படி நடந்திருந்தது. 2008இல் சூடானின் நூபியப் பாலைவனத்தில், கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் வரிசை கட்டி நடந்து, விண்வெளியிலேயே பார்த்துவிட்ட ஒரு சிறுகோளின் துண்டுகளைப் பொறுக்கினார்கள்.

18 கிராம் கல்லுக்காக இவ்வளவு பாடு எதற்கு? அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியும் என்பதற்காக. மோட்டோபி பான் கற்களைப் பகுத்துப் பார்த்ததில், அவை வெஸ்டா என்ற பெரிய சிறுகோளிலிருந்து வரும் வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நடந்த ஒரு மோதலில் சிதறிய சில்லு. வானத்தில் அதன் பாதை தெரியும், தரையில் கிடந்த இடம் தெரியும், கிடைத்த நாள் தெரியும். இதே கல்லை யாரோ ஒருவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய், பத்து ஆண்டு கழித்துச் சந்தையில் விற்றிருந்தால், இந்தச் செய்திகளில் பாதி அழிந்திருக்கும். கல்லில் பாதிதான் கல். மறுபாதி அது கிடந்த இடம். பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

எங்கள் முகாம்

நாங்கள் போனது அப்பிங்டனுக்குத் தெற்கே ஒரு செம்மறி ஆட்டுப் பண்ணை. டர்பனிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், வழியில் கிம்பர்லியில் ஒரு இரவு தங்கினோம். பண்ணைக்குள் ஒரு பெரிய பான் இருந்தது. உரிமையாளரிடம் மாதம் முன்பே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். என்ன தேடுகிறோம், எதையும் எடுக்க மாட்டோம் என்பதையும் சொல்லியிருந்தோம். வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. சொல்லாமல் நுழையக் கூடாது.

ஜூலை மாதத்தைத் தேர்ந்தெடுத்தது வெயிலுக்காக. கோடையில் அங்கே 40 டிகிரியைத் தாண்டும், நடக்க முடியாது. குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும். ஆனால் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். டர்பன்காரர்களான நமக்கு அந்தக் குளிர் பழக்கமே இல்லை. காலையில் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் பனிக்கட்டி மிதந்ததைப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு தவறு செய்தோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் இரண்டு பெரிய கேன்களில் கொண்டு போயிருந்தோம். முதல் இரவே ஒன்றின் அடியில் விரிசல் விட்டு, விடியும்போது மணல் ஈரமாக இருந்தது. பாதித் தண்ணீர் போய்விட்டது. அண்ணன் பக்கியை எடுத்துக்கொண்டு பண்ணை வீட்டுக்கே திரும்பிப் போய் நிரப்பி வர, அரை நாள் வீணானது. சிறு கேன்களாகப் பிரித்து எடுத்துப் போங்கள். இரண்டு உதிரி டயர் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது, ஆகவே எங்கே போகிறீர்கள், எந்த நாள் திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். காலையில் செருப்பையும் ஷூவையும் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடவேண்டும். தேளில் முன்பக்க இடுக்கி பெரிதாகவும் வால் மெலிந்தும் இருப்பது அவ்வளவு ஆபத்தில்லை, இடுக்கி மெலிந்து வால் தடித்திருப்பதுதான் பயப்பட வேண்டியது.

தேடும் முறை மிகவும் எளிது. ஐந்து மீட்டர் இடைவெளி விட்டு எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். மெதுவாக, ஒரே வேகத்தில் நடக்கவேண்டும். பார்வை காலடியில் இருக்கக் கூடாது, முன்னால் மூன்று நான்கு மீட்டர் தள்ளி இடமும் வலமும் போய்வர வேண்டும். பானின் மறுகரை வந்ததும் அப்படியே திரும்பி, அடுத்த பட்டையில் நடக்கவேண்டும். நாற்று நடும் வரிசையை ஊரில் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

எங்களோடு ஒரு குடும்ப நண்பர் வந்தார். சுரங்கத்தில் நிலவியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகளுக்கெல்லாம் மாமா. முதல் ஒரு மணி நேரம் அவர் யாரையும் கல்லைத் தேடவே விடவில்லை. “முதல்ல இங்க சாதாரணமா என்ன கிடக்குதுன்னு பாருங்க. அது தெரிஞ்சாத்தான் வேத்தாள் யாருன்னு தெரியும்” என்றார். அது எவ்வளவு சரி என்று அப்புறம்தான் தெரிந்தது. தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தவற்றில் முக்கால்வாசி ஆட்டுப் புழுக்கையும் ஸ்பிரிங்பொக் மான் புழுக்கையும். மீதியில் பெரும்பகுதி அய்ஸ்டர்க்லிப். இரண்டாம் நாள் மதியத்துக்குள் கண் பழகிவிட்டது. குனியாமலே அடையாளம் தெரிந்தது.

கல்லை எப்படி விசாரிப்பது

சரி, வரிசையில் நடக்கும்போது ஒரு சந்தேகக் கல் தென்படுகிறது. என்ன பார்க்கவேண்டும்?

தொடுவதற்கு முன் குனிந்து தோலைப் பாருங்கள். புதிதாக விழுந்ததானால் மையிருட்டாக, சில சமயம் மெல்லிய வெடிப்புகளோடு இருக்கும். நெடுநாள் கிடந்ததானால் துருப்பிடித்துப் பழுப்பேறியிருக்கும். மூலைகள் மழுங்கியிருக்கும், பிசைந்த மாவில் கட்டைவிரலால் அழுத்தியது போன்ற பள்ளங்கள் இருக்கலாம். முழு உருண்டையாக இருக்காது. துளைதுளையாக, நுரைத்தது மாதிரி இருந்தால் விட்டுவிடலாம். அது எரிமலைக் கல், அல்லது உலைக்கசடு. நீராவி ரயில் ஓடிய பாதைகளின் ஓரத்தில் அப்படிப்பட்ட கசடு நிறையக் கிடக்கும், பலர் ஏமாறுவது அதில்தான்.

மூலை உடைந்திருந்தால் அதிர்ஷ்டம், உள்ளே பார்க்கலாம். மாமா ஒரு பூதக்கண்ணாடியும் படமும் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு இதை நிதானமாக விளக்கினார். பெரும்பாலான கல்வகை விண்கற்களின் உள்ளே ரவை அளவு, கடுகு அளவு உருண்டை மணிகள் தெரியும். காண்ட்ரூல் என்று பெயர். சூரியன் பிறந்த புதிதில், தூசி உருகித் துளித்துளியாக உறைந்தவை அவை. சூரியக் குடும்பத்துக்கே வயது சுமார் 456 கோடி ஆண்டு, இந்த மணிகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். நம் நாட்டில் பார்பர்டன் மலைகளின் பாறை உலகின் மிகப் பழையவற்றில் ஒன்று என்று பெருமைப்படுகிறோம், அதற்கே 350 கோடி ஆண்டு அளவில்தான் வயது. பூமி உருவாகும் முன்பே உறைந்துபோன ஒரு துளியைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. மணிகளுக்கு நடுவே வெள்ளிப் பொடி தூவியது போல உலோகம் மின்னினால் நம்பிக்கை கூடும். பூமியின் சாதாரணப் பாறைகளில் கலப்பில்லாத உலோக இரும்பு இருப்பது மிக அரிது.

எடை ஒரு துப்புதான், தீர்ப்பு அல்ல. சாதாரண ஆற்றுக்கல் அதே அளவு தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம். கல்வகை விண்கல் மூன்றேகால் முதல் மூன்றேமுக்கால் மடங்குக்குள். இரும்பு விண்கல் எட்டு மடங்கை நெருங்கும். இரும்புத்தாதான ஹேமடைட் ஐந்து மடங்கு இருக்கும். அதாவது கல்வகை விண்கல்லைவிட அதுதான் கனம்! “ரொம்ப கனமா இருக்கு, அப்போ விண்கல்தான்” என்று முடிவு கட்டக் கூடாது.

காந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான விண்கற்களைக் காந்தம் இழுக்கும். ஆகவே பலர் சக்திவாய்ந்த காந்தத்தைக் கோலில் கட்டிக்கொண்டு கல் கல்லாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சில விண்கற்களுக்குள், அவை உருவான காலத்துக் காந்தப்புலத்தின் பதிவு உறைந்திருக்கிறது. அவை உடைந்து வந்த தாய்ச் சிறுகோளுக்குக் காந்தப்புலம் இருந்ததா என்பதை அதிலிருந்துதான் படிக்கிறார்கள். நம் காந்தம் ஒருமுறை பட்டாலே அந்தப் பதிவு அழிந்து, காந்தத்தின் தடம்தான் மிஞ்சும். பல கோடி ஆண்டு காத்த ஏட்டை ஒரே துடைப்பில் அழிப்பதற்குச் சமம் அது. ஒரு சாதாரணத் திசைகாட்டியைக் கல்லருகே கொண்டுபோய் முள் அசைகிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொரு சோதனை, உரசிப் பார்ப்பது. பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாத வளையம் இருக்கும். அதில் கல்லை அழுத்தி உரசினால், ஹேமடைட் காவி நிறக் கோடு போடும், மேக்னடைட் என்ற இன்னொரு இரும்புத்தாது கருஞ்சாம்பல் கோடு போடும். புதிய விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. கல்லைத் தேய்க்கும் சோதனை என்பதால் பாலைவனத்தில் கண்ட கல்லில் செய்யக் கூடாது. ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் கல்லுக்குச் சரி.

இத்தனையும் தேறினாலும் நாம் சொல்லக்கூடியது “இருக்கலாம்” என்பது மட்டுமே. உலோகத்தில் நிக்கல் எவ்வளவு, கனிமங்கள் எவை என்று ஆய்வகத்தில் பார்த்தால்தான் உறுதி.

சட்டம் என்ன சொல்கிறது

இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் விண்கல் கண்டெடுத்தவருக்குச் சொந்தமல்ல, நிலத்துக்காரருக்கும் சொந்தமல்ல, அரசுக்குச் சொந்தம். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமை வளங்கள் சட்டத்தில் 35ஆம் பிரிவு, தொல்பொருளையும் புதைபடிவத்தையும் போலவே விண்கல்லையும் காக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எடுக்கவோ, உடைக்கவோ, விற்கவோ, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவோ கூடாது. விண்கல் எடுப்பதற்கு உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவதும் அனுமதி இல்லாமல் குற்றம். தற்செயலாகக் கண்டால், மரபுரிமை அதிகாரிகளிடமோ, அருகில் உள்ள உள்ளாட்சி அலுவலகத்திலோ, அருங்காட்சியகத்திலோ உடனே தெரிவிக்கவேண்டும். நமீபியாவிலும் சட்டம் விண்கல்லைக் காக்கிறது. எல்லை தாண்டிப் போய் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சில நாடுகளில் கண்டவர் எடுத்து விற்கிறார்கள். இணையத்தில் கிராம் கணக்கில் விலை பார்க்கலாம். நம் சட்டம் கண்டிப்பானது என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு இந்தச் சட்டம்தான் நியாயமாகப் படுகிறது. சுமார் 50 கற்களே உள்ள நாட்டில், அடுத்தது யாரோ ஒருவர் அலமாரியில் போய் மறைவதை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த முறை இது. கல்லைத் தொடாமல் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, அளவு தெரியும்படி படம் எடு. கொஞ்சம் தள்ளி நின்று, சுற்றுப்புறம் தெரியும்படி இன்னொரு படம். கைப்பேசியில் ஜிபிஎஸ் காட்டும் எண்களை நோட்டில் எழுது. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். தேதி, நேரம், கண்டவர் பெயர். பிறகு கல்லை அங்கேயே விட்டுவிட்டு வரிசைக்குத் திரும்பு.

மூன்று நாளில் நாற்பத்தோரு கற்கள் நோட்டில் ஏறின. மாமா நாற்பதை அன்றன்றே அடித்துவிட்டார். கடைசி நாள் மாலை, பானின் கிழக்குக் கரையில் ஒரு கல். கோழிமுட்டை அளவு, பழுப்பேறிய கறுப்பு, மழுங்கிய மூலை, திசைகாட்டியின் முள் லேசாக அசைந்தது. மாமா மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெயில் சாய்ந்து, எங்கள் நிழலெல்லாம் கல்லைத் தாண்டி நீண்டு கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சு விடாமல் நின்றோம். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு, சிறிய சில்லு பெயர்ந்த இடத்தில் குச்சி குச்சியாகப் பின்னிக் கிடந்த வெளிர் படிகங்களைக் காட்டினார். டோலரைட். பூமியில் மெதுவாக ஆறிய பாறை. நோட்டில் நாற்பத்தொன்றாவது வரியும் அடிபட்டது. ஒரு பெண் அழுதே விட்டாள். அவள்தான் அதைக் கண்டவள். அந்த நோட்டை இப்போது அவள்தான் வைத்திருக்கிறாள், அடுத்த முறைக்காக.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். கல்லைச் சோதிக்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். அவரே சாமி அறையிலிருந்து எடுத்து வந்து, துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார். பெரியம்மா ஒரு பழைய கோப்பையைக் கவிழ்த்துக் கொடுத்தார். உரசினேன். வெள்ளை வளையத்தில் காவிக் கோடு விழுந்தது, திருநீற்றுத் தட்டுப் பக்கத்துக் குங்குமம் உலர்ந்த நிறத்தில். இன்னொரு முறை உரசினேன், அதே கோடு.

அப்போதுதான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். “பெரியப்பா, இது சரியா எந்த இடத்துல கிடந்தது?”

அவர் யோசிக்கவே இல்லை. “கத்து ஊரைத் தாண்டி, ரயில் பாதை குறுக்கே போகும் பாரு, அங்க. வண்டி போறதுக்காகக் காத்துக்கிட்டு நின்னேன். ரொம்ப நீள வண்டி. இறங்கிக் கால் நீட்டினப்ப தண்டவாளத்து ஓரமா கிடந்துச்சு.”

சிஷென் சுரங்கத்திலிருந்து சல்டானா துறைமுகம் வரை 861 கிலோமீட்டர், இரும்புத்தாது ஏற்றிப் போகும் பாதை அது. நான் சொன்னதைப் பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஊர்ப் பெயரையும், நினைவிலிருந்த ஆண்டையும், ரயில் பாதை ஓரம் என்பதையும் எழுதச் சொன்னார். அதை மடித்து, கல்லுக்கு அடியில் வைத்தார்.